பை தூக்கியவரின் பிடி: பாப்வா செவ்கோலத்தின் முதல் முப்பது ஆண்டுகள்

கரியாலூரிலிருந்தும் சுற்றியுள்ள மலையூர்களிலிருந்தும் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்வரும் இளைஞர்களில் ஒருவர், ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊர் வந்தபோது எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டை அவர்தான் விளக்கினார். நூறு ஏக்கருக்குக் குறையாத புல்வெளி, 18 குழிகள், சின்னதாக ஒரு வெள்ளைப் பந்து. எல்லாக் குழியிலும் குறைந்த அடிகளில் பந்தைப் போட்டு முடிப்பவர் வென்றவர். ஆடுகிறவர் வெறுங்கையோடு நடப்பார். மட்டைகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொருவர் பின்னால் போவார். அவருக்குக் கேடி என்று பெயர். கேட்டுக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “பையத் தூக்கிட்டுப் போறவங்கள எப்பவாச்சும் ஆட விடுவாங்களாண்ணா?” என்றான்.

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. செவ்சங்கர் செவ்கோலம் என்பது அவர் பெயர். தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரத்து இந்தியர். ஊரும் உலகமும் ‘பாப்வா’ என்றே அழைத்தன. தமிழில் அவரைப் பற்றி நம் கண்ணில் பட்டது மிகக் குறைவு. பட்டதும் பெரும்பாலும் ஒரே ஒரு புகைப்படத்தைப் பற்றியது.

1963இல் தர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நாட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர்கள் அத்தனை பேரையும் வென்று பாப்வா முதலிடம் பிடித்தார். நிறவெறிச் சட்டத்தின்படி அவர் கிளப் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. மழை பெய்தது. தோற்றவர்கள் கூரைக்கடியில் இருந்தார்கள். வென்றவருக்கு வெளியே, மழையில், கோப்பை கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு அரங்கிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்று போராடியவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

படம் உண்மை. ஆனால் அந்தப் படத்தோடு கதையைத் தொடங்கினால் அவமதிப்பு ஒரு மழைநாளில் நிகழ்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. அந்த மழைக்கு முன்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாழ்க்கை இருந்தது. யாரும் படம் பிடிக்காத ஆண்டுகள். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று நாம் நினைக்கிறோம். எனவே இக்கட்டுரை பெரும்பாலும் அந்த ஆண்டுகளைப் பற்றியே பேசும்.

தர்பனுக்கு இந்தியர்கள் எப்படிப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையில் நம் மாவட்டமும் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு நாட்டால் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கப் போனவர்கள் அவர்கள். 1911 வரை இப்படி 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, விசாகப்பட்டினம் ஆகியவற்றோடு தென்னார்க்காட்டுக்காரர்களும் அந்தக் கப்பல்களில் நிறையப் பேர். இன்றைய கள்ளக்குறிச்சி அன்றைய தென்னார்க்காடுதான். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, சாதி என்று பத்திகள் இருந்தன. சாதிப் பத்தியில் ‘பரையா’ என்ற சொல் பக்கம் பக்கமாக வரும்.

பாப்வாவின் குடும்பப் பெயர் வட இந்தியப் பக்கத்தது. மொரீசியசின் ராம்கூலம் போல இது சிவ்குலாம். அவரைத் ‘தமிழர்’ என்று நாம் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. சாதனையாளர் என்றதும் அவர் நம்மவரா என்று ரத்தம் தேடும் பழக்கம் நமக்கு உகந்ததல்ல. தர்பனில் இறங்கிய எல்லோருக்கும் வெள்ளையர் வைத்த பெயர் ஒன்றுதான்: ‘கூலி’. வக்கீலாகப் போன காந்தியும் அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ தான்.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாப்வா பிறந்தார். வளர்ந்தது தர்பனின் வடக்கே, உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலிருந்த ரிவர்சைடு பகுதியில். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள். கொஞ்ச தூரத்தில் பீச்வுட் கன்ட்ரி கிளப், வெள்ளையரின் கோல்ஃப் மைதானம். ஏழை வீட்டுப் பையன்களுக்கு அந்த மைதானம் தந்த வேலை பை தூக்குவது. பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகப் பாப்வாவுக்கு வாய்த்தது அதுதான். எழுதப் படிக்க அவர் கற்கவே இல்லை.

கேடி என்பவர் வெறும் சுமைகூலி அல்ல. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சுற்று ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் நடக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்று கண் வைத்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கடற்கரை மைதானத்தில் பிற்பகலில் அது எப்படித் திரும்பும், குழிக்குப் பக்கத்தில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மண் எங்கே ஈரம், இங்கிருந்து அந்தக் கொடிக்கு எத்தனை கஜம், அதற்கு எந்த மட்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். துரை கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது. துரை தப்பாக அடித்தால் பந்தைத் தேடி முள்ளுக்குள் இறங்க வேண்டும். ஒரே மைதானத்தில் ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான பேருடைய ஆட்டத்தை ஒரு பையன் இரண்டடி பின்னாலிருந்து பார்க்கிறான். யார் எங்கே தவறுகிறார்கள், ஏன் தவறுகிறார்கள் என்பதைப் பார்க்கிறான். எந்தப் பயிற்சியாளரிடமும் காசு கொடுத்து வாங்க முடியாத படிப்பு அது. அந்தப் படிப்பை முடித்தவருக்குத் தேர்வு எழுத மட்டும் அனுமதி இல்லை.

பாப்வாவின் புகழ்பெற்ற ‘பிடி’ இங்கிருந்துதான் வந்தது. வலக்கைக்காரர் கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்க வேண்டும் என்பது முறை. எல்லாப் புத்தகமும் எல்லாப் பயிற்சியாளரும் முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான். பாப்வா தலைகீழாகப் பிடித்தார். வலக்கை மேலே, இடக்கை கீழே. பின்னாளில் அதற்குச் ‘செவ்கோலம் பிடி’ என்றே பெயர் வந்தது. வெள்ளைப் பத்திரிகையாளர்கள் இதை ஒரு விநோதமாக, ஏறக்குறைய வித்தை காட்டுபவரின் தந்திரமாக எழுதினார்கள்.

விநோதம் ஒன்றுமில்லை. மண்வெட்டி பிடிக்கிறவர்களைப் பாருங்கள். எந்தக் கை முன்னால் போக வேண்டும் என்று யாரும் வகுப்பெடுப்பதில்லை. உடம்பு தனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தமக்கென நடத்திய கோல்ஃப் சங்கத்தின் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற ஹோவர்ட் வீலர், அட்லாண்டாவில் கேடியாக இருந்தவர், இதே பிடிதான் பிடித்தார். 1976இல் பிரெஞ்சு ஓப்பனை வென்ற தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் வின்சென்ட் ஷபலாலாவும் இதே பிடிதான். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாகச் சொல்ல முடியாதபடி தூரமாக இருந்தவர்கள் இவர்கள். பாடம் சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் வளர்ந்தவர்கள் என்பதே இவர்களுக்குப் பொதுவானது. ‘பிடி’ என்பது கைகளில் எழுதப்பட்ட சமூகவியல். ஒருவரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியதன் தடயம் அதில் இருக்கிறது. அதே பிடியோடு அவர் வென்றார் என்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டாவதை மட்டும் படித்தால் ‘திறமை இருந்தால் எங்கிருந்தும் வரலாம்’ என்ற பசப்பு வார்த்தைக்குத்தான் போய்ச் சேருவோம்.

எழுத்தறிவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோல்ஃபில் நடுவர் அடி எண்ணுவதில்லை. உங்கள் அடிகளை உடன் ஆடுபவர் ஓர் அட்டையில் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எண்ணிக்கை பிழையாக இருந்து கையெழுத்திட்டுவிட்டால் பிழை உங்களுடையது. 1968இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ இப்படித்தான், உடன் ஆடியவர் மூன்று என்பதற்கு நான்கு என்று எழுதியதைக் கவனிக்காமல் ஒப்பமிட்டு, பட்டத்துக்கான வாய்ப்பை இழந்தார். படிக்கத் தெரிந்தவருக்கே இந்தக் கதி. படிக்கத் தெரியாத ஒருவர், தன்னைத் தோற்கடிக்க வந்தவர்கள் எழுதிய அட்டையில் ஒவ்வொரு நாளும் ஒப்பமிடுவது என்னவாக இருந்திருக்கும்?

‘அமெச்சூர்’ என்ற சொல்லையும் இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டும். விளையாட்டை நேசித்து, காசு வாங்காமல் ஆடுகிறவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. நடைமுறையில் காசு தேவைப்படாதவர் என்பதே பொருள். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் ஒரு காலத்தில், 16 வயதுக்கு மேல் கூலிக்குப் பை தூக்கியவர் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுவார் என்று விதி வைத்திருந்தது. 1913இல் அமெரிக்க ஓப்பனை வென்ற முன்னாள் கேடி பிரான்சிஸ் விமெட், அந்த விதிக்குப் பயந்து 16 வயதுக்கு முன்பே பை தூக்குவதை விட்டவர். உழைத்துக் கூலி வாங்குவதே தகுதியைக் கெடுக்கும் தீட்டாக இருந்திருக்கிறது. நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

பாப்வாவின் நாட்டில் இந்தத் தீட்டுக்கு மேல் இன்னொரு தீட்டும் இருந்தது. நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948இல். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் 1950இல், பொது இடங்களைப் பிரிக்கும் சட்டம் 1953இல். பாப்வா பை தூக்கத் தொடங்கியபோது இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பீச்வுட்டில் அவர் உறுப்பினராக முடியாது. கிளப்பின் வழக்கமே சட்டமாக இருந்தது. பிற்பாடு வந்த அரசு வழக்கத்தைச் சட்டமாக எழுதியது, அவ்வளவுதான். நிறவெறி என்றாலே நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய சட்டங்களை மட்டும் நினைப்பவர்களுக்கு இது முக்கியம். இங்கே அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. மலைக்குக் கீழே எடுத்தவாய்நத்தத்தில் தலித் மக்கள் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குள் போக 2023 ஜனவரி வரையும், போலீஸ் பாதுகாப்பு வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதாத விதிக்கு ஆயுள் அதிகம்.

இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. தர்பன் இந்தியர்கள் தமக்குள் கோல்ஃப் போட்டிகள் நடத்தினார்கள். கறுப்பினத்தவர், இந்தியர், கலப்பினத்தவர் சேர்ந்து ஆடும் ‘வெள்ளையரல்லாதோர்’ போட்டிகளும் இருந்தன. பம்பாட்டா என்று அழைக்கப்பட்ட ராம்நாத் பூதன் என்ற நாட்டால் இந்தியர் 1929லேயே பிரிட்டிஷ் ஓப்பனுக்குப் போய் வந்திருந்தார். எனவே பாப்வா வானத்திலிருந்து விழுந்தவர் அல்லர். அவருக்கு முன்னால் ஒரு வரிசை இருந்தது, பக்கத்தில் ஒரு கூட்டம் இருந்தது. பதின்ம வயதிலேயே நாட்டால் அமெச்சூர் பட்டத்தை வென்று அந்தக் கூட்டத்தின் நாயகனானார். பின்னர் வெள்ளையரல்லாதோருக்கான பட்டங்களிலும் அவர் பெயர் வந்தது. ஓய்வு நாளில் ஆட்டம், மற்ற நாளெல்லாம் பை. தன்னைவிட மோசமாக ஆடும் ஆட்களின் பையைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் தவறவிட்ட பந்தைத் தேடிக்கொடுத்துக்கொண்டு, ஒரு சாம்பியன் தன் இருபதுகளைக் கழித்தார். மழையில் நின்ற அந்தச் சில நிமிடங்களைவிட இந்தப் பத்தாண்டுகள் நம்மை அதிகம் உறுத்துகின்றன. விளையாட்டு வீரனின் உடம்புக்கு இருபதுகள் திரும்பி வராது.

பாப்வா பை தூக்கியவர்களில் ஒருவர் கிரகாம் வுல்ஃப். வேதியியலாளர். 1950களின் தொடக்கத்தில் தர்பனில் ‘ஆயில் ஆஃப் ஓலே’ என்ற முகப்பூச்சைக் கண்டுபிடித்தவர். இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் ‘ஓலே’ என்று விற்கிறதே, அதுதான். பாப்வாவின் ஆட்டத்தைப் பார்த்த வுல்ஃப் தன் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கொடுத்தார். 1959இல் தன் சொந்தச் சிறு விமானத்தில் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அந்த உதவியைச் சிறுமைப்படுத்த நமக்கு விருப்பமில்லை. அன்றைய தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளையர் அதைச் செய்யத் துணிவு வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட கதைகளில் ‘நல்ல துரை’ ஒருவர் வந்ததும் கதையே அவருடையதாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு முன்னோடி இருக்கிறது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். 1890களில் புனேயில் வெள்ளையர் கிளப்பில் கிரிக்கெட் ஆடுகளத்தை உருட்டிப் பராமரிக்கும் வேலை, மாதம் 4 ரூபாய். ஜே.ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி வீசி உலகத்தரமான சுழற்பந்து வீச்சாளரானவர். அந்தக் கிளப்பில் அவருக்கு ஒரு நாளும் மட்டை பிடிக்க வாய்ப்புத் தரவில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கனவான்களின் காரியம். பின்னர் இந்து அணியில் சேர்த்துக்கொண்டபோது மைதானத்தில் பந்தைத் தொடலாம், ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தனியாக, தூக்கி எறியும் மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவருக்கு இந்து அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது. (அண்ணல் அம்பேத்கரோடு பாலுவுக்குப் பின்னாளில் ஏற்பட்ட முரணும், 1937 தேர்தலில் எதிரெதிரே நின்றதும் தனியாக எழுத வேண்டியவை.) கிரெய்க்குக்கு ஒரு பாலு, வுல்ஃபுக்கு ஒரு பாப்வா. துரையின் கண்ணில் படாத பாலுக்கள் எத்தனை பேர், பாப்வாக்கள் எத்தனை பேர் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

1959க்கு வருவோம். அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் நடந்தது. அதை வென்றவர் இன்னொரு தென்னாப்பிரிக்கர், 23 வயது கேரி பிளேயர், வெள்ளையர். சில வாரங்களில் பாப்வா டச்சு ஓப்பனை வென்றார். ஒரே கோடையில் ஒரே நாட்டின் இருவர் ஐரோப்பாவில் பட்டம் வென்றார்கள். ஒருவருக்கு ஊரில் எல்லா மைதானமும் திறந்திருந்தது. மற்றவர் ஊர் திரும்பியபோது தர்பன் இந்தியர்கள் அவரைக் கொண்டாடினார்கள், ஆனால் அவர் பை தூக்கிய மைதானத்தில் அவர் ஆட முடியாது. அதற்குச் சலிக்காமல் 1960இல் மீண்டும் போய் மீண்டும் டச்சு ஓப்பனை வென்றார். 1964இல் மூன்றாம் முறை. முப்பதை எட்டும்வரை அவரை எந்தப் பெரிய போட்டியிலும் ஆட விடாததன் விலை என்ன என்பதை இந்த மூன்று பட்டங்களை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடலாம். வெள்ளையர் போட்டியில் ஆட ஒவ்வொரு முறையும் அரசின் தனி அனுமதி வேண்டும். அப்படி ஆடித்தான் 1963இல் மழையில் கோப்பை வாங்கினார். அன்று கட்டடத்துக்குள் இந்தியர்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தட்டு ஏந்திப் பரிமாறியவர்கள் இந்தியர்கள்தான். பணியாளராக உள்ளே வரத் தடையில்லை. வென்றவராக வரத்தான் தடை. 1965இல் அதே நாட்டால் ஓப்பனில் கேரி பிளேயரையே ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பனையும் வென்று கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களையும் முடித்தவர் பிளேயர். அப்படிப்பட்டவரை ஒரு ‘கூலி’ வென்றதை அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. 1966இல் பாப்வாவை உள்நாட்டுப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள், கடவுச்சீட்டையும் பறித்தார்கள். உள்ளேயும் ஆட முடியாது, வெளியேயும் போக முடியாது. பிளேயர் அதே 1966இல் வெளிவந்த தன் நூலில் நிறவெறிக் கொள்கைக்கு ஆதரவாக எழுதினார். பல ஆண்டுகள் கழித்துக் கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொள்ள அவருக்குக் காலம் இருந்தது. பாப்வா 1978இல், வறுமையில், மாரடைப்பால் இறந்தார்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி கிறிஸ்டோபர் நிக்கல்சன் 2005இல் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பில் ‘பரையாவிலிருந்து சகாப்தமானவர் வரை’ என்ற பொருளில் ஒரு தொடர் வருகிறது. ‘பரையா’ என்பதை உலகம் முழுக்க ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொதுச் சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். அது நம் சேரியிலிருந்து போன சொல். பறையர் என்ற மக்களின் பெயர் அது. ட்ரூரோவிலும் அதன் பின் வந்த கப்பல்களிலும் சாதிப் பத்தியில் எழுதப்பட்டு தர்பனில் இறங்கிய பெயர். உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தின் பெயரை இழிவுக்கு உவமையாக்குவதை ஆங்கிலம் இன்னும் நிறுத்தவில்லை. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட நூலிலும் அந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நூலாசிரியர் மீது நமக்குக் கோபமில்லை. அவர் இல்லாவிட்டால் பாப்வாவின் இளமை இவ்வளவுகூடத் தெரிந்திருக்காது.

சரி, பையனின் கேள்வி இந்தியாவைப் பற்றியது. இங்கே ஆட விட்டார்களா? சில பேரை. டெல்லி மைதானத்தில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய சி. முனியப்பா 2009இல் வென்றார். கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, பயிற்சியாளர் இல்லாமல் பார்த்துக் கற்றவர், 2016லும் 2017லும் அடுத்தடுத்து வென்றார். நம் ஊர் இளைஞர் வெட்டும் புல்லும் அப்படிப்பட்ட புல்தான். அமெரிக்காவில் இன்னும் கொடுமை: மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தில் 1982 வரை எல்லா ஆட்டக்காரருக்கும் கிளப்பின் கறுப்பினக் கேடிகளே பை தூக்கினார்கள். அங்கே ஒரு கறுப்பின ஆட்டக்காரர் முதன்முதலாக ஆடியது 1975இல், லீ எல்டர். முதல் கறுப்பின உறுப்பினர் 1990இல்.

2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்ததை நினைவிருக்கிறதா? விருந்தினராக அழைக்கப்பட்டு வந்த மேகாலயாவின் காசிப் பழங்குடிப் பெண் ஒருவர் தம் மரபு உடையான ஜைன்செம் அணிந்து மேசையில் அமர்ந்திருந்தார். வேலைக்காரிபோல் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போகச் சொன்னார்கள். பிறகு கிளப் வருத்தம் தெரிவித்தது. வேலைக்காரி என்று நினைத்ததைவிட, வேலைக்காரி என்றால் மேசையில் அமரக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் இயல்பாகப் பட்டதுதான் நமக்கு முக்கியம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளிவந்தது. அதையும் தர்பன் மழைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. இந்த மலையில் ஜாகீர்தார் முறை ஒழிந்ததே 1976இல்தான். கூலியில்லாமல் உழைத்த தாத்தா பாட்டிகள் அந்தப் பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஒரு கேடி ஆட்டக்காரர் ஆக வேண்டுமென்றால் திறமைக்கு முன்னால் தேவைப்படுவது நிலம். நூறு ஏக்கர் யாரிடம் இருக்கிறது? சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானம் இருந்த 160 ஏக்கர் அரசு நிலம் 1940களில் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. அதற்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும். 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது, வழக்குகள் தொடர்ந்தன. கரியாலூரில் பட்டா கேட்டு மனு எழுதிப் பழகிய நமக்கு அந்த வாடகைத் தொகையை வாசிக்கும்போது சிரிப்பு வந்தது.

பாப்வா வளர்ந்த ரிவர்சைடு பிற்பாடு வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு இந்தியக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு தென்னாப்பிரிக்க அரசு அவருடைய இறப்புக்குப் பின் ‘இகமங்கா’ விருது அளித்தது. தர்பனில் ஒரு நகராட்சிக் கோல்ஃப் மைதானம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. கிளப் மைதானம் இல்லை, நகராட்சியுடையது. கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம்.